வக்கீலம்மாவைக் கேளுங்கள்: எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து வலி

பாகப்பிரிவினை பற்றி எழுதிக் கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு அடுத்த மாதம் பதில். இந்த மாதம் வந்த தபாலில் முக்கால்வாசி கழுத்துதான்.

கேள்வி: ஆம்பூரில் சொந்தக்காரர் கல்யாணம் முடிந்து காட்பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில். பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் நின்றபோது பின்னால் வந்த மினி லாரி இடித்துவிட்டது. பம்பர் உள்ளே போனது, டிக்கி மூடவில்லை. டிரைவர் சின்னப் பையன், கையெடுத்துக் கும்பிட்டான். ஜி-பேயில் 2,000 ரூபாய் அனுப்பினான், நாங்களும் விட்டுவிட்டோம். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு கழுத்து இறுக ஆரம்பித்து, மூன்றாம் நாள் காலையில் திரும்பவே முடியவில்லை. பின்மண்டையிலிருந்து தலைவலி. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஐந்து வாரம் ஆகிறது, போர்டில் எழுத அண்ணாந்தால் இன்னும் வலிக்கிறது. எலும்பு முறியாவிட்டால் கேஸ் நிற்காது என்கிறார்களே, உண்மையா?
— ஓர் ஆசிரியை, காட்பாடி

பதில்: "எலும்பு முறியலையே, அப்புறம் என்ன வலி?" என்று கேட்டே பன்னிரண்டு வருஷம் சம்பாதித்தவள் நான். அப்போது இன்சூரன்ஸ் கம்பெனிகள் பக்கம் ஆஜராகிக்கொண்டிருந்தேன். அதனால் நான் சொல்வதை நம்பலாம்: கேஸ் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் காயத்துக்கு நஷ்ட ஈடு தருகிறது, முறிவுக்கு மட்டும் இல்லை. ஆனால் உங்கள் காயம் எக்ஸ்ரேயில் விழாது. அதைக் காகிதத்தில் விழ வைக்க வேண்டும். அங்கேதான் நம் ஆட்கள் தோற்கிறார்கள்.

முதலில் கழுத்துக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். மாட்டு வண்டியில் பொய்கை சந்தைக்குப் போன பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள். நின்ற மாடு வெடுக்கென்று இழுத்தால், உட்கார்ந்திருப்பவரின் உடம்பு வண்டியோடு முன்னால் போகும், தலை மட்டும் இருந்த இடத்திலேயே நின்று ஒரு நொடி கழித்து வந்து சேரும். காரிலும் அதேதான். லாரி இடித்ததும் சீட் உங்கள் முதுகை முன்னால் தள்ளியது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை அங்கேயே நின்றது. நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்து கண் இமைக்கும் நேரத்தில் பாம்பு போல வளைந்து நிமிர்ந்தது. தசை, தசைநார், கழுத்து எலும்புகளுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன மூட்டுகள் எல்லாம் இழுபட்டன. இவை எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. வீக்கமும் இறுக்கமும் ஏற ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். அன்று வலிக்காதது பொய்க்கு அடையாளமில்லை, இந்தக் காயத்தின் சுபாவமே அதுதான். சாட்டையைச் சுழற்றி இழுப்பது போல என்பதால் 1928-ல் ஹெரால்டு குரோ என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் இதற்கு 'விப்லாஷ்' என்று பெயர் வைத்தார். நம்மூரில் கழுத்துப் பிடிப்பு, சுளுக்கு, நரம்பு இழுத்துக்கிச்சு என்று நாலு பெயர் சொல்வோம்.

இதற்கு டாக்டர்களிடம் ஒரு படிவரிசை உண்டு, 1995-ல் கனடாவின் கியூபெக்கில் வகுத்தது. வலியும் இறுக்கமும் மட்டும் என்றால் முதல் படி. தொட்டால் வலி, கழுத்தும் முழுசாகத் திரும்பவில்லை என்றால் இரண்டு. கையில் மரப்பு, பலக்குறைவு என்று நரம்பு சம்பந்தப்பட்டால் மூன்று. முறிவோ மூட்டு விலகலோ இருந்தால் நான்கு. நீங்கள் எந்தப் படி என்று டாக்டரையே எழுதச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கழுத்து வலப்பக்கம் எத்தனை டிகிரி, இடப்பக்கம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். 'கழுத்து வலி, மாத்திரை 5 நாள்' என்ற சீட்டைக் கோர்ட்டில் நீட்டினால் எதிர் வக்கீலுக்கு அது தீபாவளி.

போகும்போது டாக்டரிடம் கதையை முழுசாகச் சொல்லுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், எந்த வண்டி, பின்னாலிருந்து இடித்தது. அது கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். சும்மா "கழுத்து வலிக்குது டாக்டர்" என்றால், போர்டில் எழுதி எழுதி வந்த வலி என்று கம்பெனி சொல்லிவிடும். (ஆசிரியைகளுக்கு அப்படியும் வரும். அதனால்தான் சொல்கிறேன்.) அரசு மருத்துவமனையில் காட்டினால் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லி ஏ.ஆர். காப்பி வாங்குங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. சுளுக்கு எடுக்கிறவரிடமோ புத்தூர் கட்டுக்கோ கழுத்தைக் கொண்டுபோகாதீர்கள். கணுக்காலை எண்ணெய் போட்டு உருவிக்கொள்வது வேறு, கழுத்தை ஒடித்துத் திருப்புவது வேறு. கையில் மரப்பு, பிடி தளர்வு, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிவதையும் இப்போது டாக்டர்கள் விரும்புவதில்லை. மெல்ல அசைத்துப் பழக்குவதுதான் வைத்தியம். கோர்ட்டில் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று ஒருவர் வாய்தாவுக்கு வாய்தா புதுப் பட்டையோடு வந்தார். அதில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இனி போலீஸ். பள்ளிகொண்டா காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். "ரத்தம் வரலையே, எதுக்கும்மா கேஸ்?" என்பார்கள். புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஐந்து வாரத் தாமதமா என்று பயப்படாதீர்கள். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக விபத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்: மறுநாள் இரவுதான் கழுத்து இறுக ஆரம்பித்தது, மூன்றாம் நாள்தான் திரும்ப முடியாமல் போனது, அதுதான் நிஜமும். எஃப்.ஐ.ஆர். போட்டால் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, நஷ்ட ஈட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டியது போலீஸின் வேலை, 2022 முதல் அப்படி விதி. அனுப்பினார்களா என்று விசாரியுங்கள்.

சாட்சி? உங்களிடம் நிறைய இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. அன்று டோல்கேட்டைக் கடந்தபோது ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்த எஸ்.எம்.எஸ். நீங்கள் அங்கே இருந்த நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லும். அழித்திருந்தால் கணக்கு விவரத்தில் எடுக்கலாம். டோல்கேட் கேமரா பதிவை நாளைக்கே எழுத்து மூலம் கேளுங்கள், பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். பம்பர் வேலை செய்த மெக்கானிக் பில். எல்லாவற்றுக்கும் மேலே அந்த 2,000 ரூபாய்! அந்தப் பையன் பெயர், தேதி, நேரம் மூன்றும் உங்கள் போனில் உட்கார்ந்திருக்கிறது. "அன்றே பைசல் ஆகிவிட்டது" என்று கம்பெனி வாதாடும். பம்பருக்கு வாங்கியது கழுத்துக்கு வாங்கியதாகாது. எதிலும் கையெழுத்துப் போடாமல் இருந்தீர்களே, அது நல்ல காலம். பணம் கொடுக்கப் போவதும் அந்தப் பையன் இல்லை, லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி. ஆகவே பாவம் பார்க்க வேண்டாம்.

கெடு: 2022 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த விபத்து என்றால் ஆறு மாதத்துக்குள் மனு. அந்தக் கெடுவே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நீங்கள் அதை நம்பி உட்கார வேண்டாம். எடுத்த மருத்துவ விடுப்பின் உத்தரவு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள், கரைந்த விடுப்பும் நஷ்டம்தான். இன்னொன்று: 15 நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலை செய்ய முடியாமலோ இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. 2018-ல் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஒரு வேன் என் காரைப் பின்னால் முட்டியது. அன்று காலை எனக்கு ஒரு வாதம் இருந்தது. இறங்கிப் பார்த்து, திட்டிவிட்டு, நேராக சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பேசினேன். மூன்றாம் நாள் விடியற்காலை, தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித்தான் தலையணையிலிருந்து எழுந்தேன். தண்ணீர்ச் சொம்பை அண்ணாந்து குடிக்க முடியாமல் ஸ்பூனில் குடித்தேன். டாக்டரிடம் போனது பதினோராம் நாள். அப்புறம் மனு எழுத உட்கார்ந்தபோது, எதிர்ப்பக்க வக்கீலாக நானே என்ன கேட்டிருப்பேன் என்று யோசித்தேன்: "சம்பவத்தன்று பதினொரு மணிக்கு நீங்கள் நின்று வாதாடியதாகக் கோர்ட் டைரி சொல்கிறதே, அம்மா?" மனுவே போடவில்லை.

கேள்வி: கால் டாக்ஸி ஓட்டுகிறேன், வயது 38. கார் பின்னால் இடித்ததில் கழுத்து பிடித்து மூன்று வாரம் வண்டி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், "அஞ்சு லட்சம் வாங்கித் தரேன், முப்பது பர்சன்ட் எனக்கு" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?
— ஒரு டிரைவர், சத்துவாச்சாரி

பதில்: போடாதீர்கள் தம்பி. வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவது வக்கீலுக்கே தொழில் விதிப்படி தப்பு. வாசலில் நிற்பவர் வக்கீலும் இல்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நாளுக்குச் செலவு போக 800 ரூபாய் நிற்கும் என்று வைத்தால் 21 நாளுக்கு 16,800. மருந்து, ஸ்கேன், ஃபிசியோதெரபி பில்கள். ஆட்டோவில் போய் வந்த செலவு. அப்புறம் வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. மூன்று மாதத்தில் கழுத்து சரியாகிவிட்டால், பெரும்பாலோருக்கு ஆகிவிடும், கேஸ் அவ்வளவுதான். லட்சங்களில் கனவு காண வேண்டாம்.

சரியாகாமல் போனால் கதை வேறு. ரிவர்ஸ் எடுக்கக் கழுத்து திரும்பாத டிரைவருக்கும், அதே கழுத்தோடு மேஜையில் உட்கார்ந்து எழுதும் கிளார்க்குக்கும் ஊனம் காகிதத்தில் ஒன்றாக இருக்கலாம், பிழைப்பில் ஒன்றில்லை. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: டாக்டர் தரும் சதவீதத்தை அப்படியே எடுக்காதே, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்று பார். உதாரணத்துக்கு, உங்கள் மாத வருமானம் 18,000, சம்பாத்தியச் சக்தியில் 5 சதவீதம் நிரந்தரமாகப் போனது என்று தீர்ப்பாயம் ஏற்றால், 38 வயதுக்குப் பெருக்கும் எண் (வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துக் கோர்ட் எடுக்கும் எண்) 15. 18,000-ஐ 12-ஆல் பெருக்கி, 15-ஆல் பெருக்கி, அதில் 5 சதவீதம்: 1,62,000. எதிர்கால வருமான உயர்வு என்று இதன் மேல் சேர்த்தும் கேட்கலாம். ஊனச் சான்று வாசலில் நிற்பவர் 'ஏற்பாடு' செய்வதாக இருக்கக் கூடாது. கோர்ட் மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்கள் உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். சான்றில் 30 சதவீதம் என்று இருந்த ஊனம் அங்கே 4 சதவீதமாகிவிட்டால், உண்மையான நாலையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

தினசரி டிரிப் கணக்கு உங்கள் ஆப்பில் இருக்கும், மூன்று வாரம் வெறுமையாக இருப்பதும் அதில் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வக்கீலுக்குக் கொடுக்க முடியாது என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் போன் செய்யலாம்.

கேள்வி: வாணியம்பாடி அருகே நாய் குறுக்கே வந்து நானே தடுப்புச் சுவரில் மோதிவிட்டேன். எனக்கும் மனைவிக்கும் கழுத்து வலி. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது.
— ஒரு தோல் வியாபாரி, பேரணாம்பட்டு

பதில்: காருக்குக் கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது. தன் தப்புக்குத் தானே நஷ்ட ஈடு கேட்க முடியாது. பாலிசியில் ஓனர்-டிரைவருக்கு உள்ள 15 லட்சம் சாவுக்கும் பெரிய நிரந்தர ஊனத்துக்கும்தான், கழுத்துப் பிடிப்புக்கு இல்லை. மனைவி கேட்கலாம். ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் சொந்தக் காரில் உட்கார்ந்து வந்தவருக்கும் பொறுப்பு உண்டு. நீங்கள் கவனக்குறைவாக ஓட்டினீர்கள் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் தினமும் சொல்வதுதானே.

கேள்வி: சித்தூர் பக்கம் விபத்து. வேலூரில் கேஸ் போடலாமா?
— ஒரு வாசகர், திருவலம்

பதில்: போடலாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், தொழில் செய்யும் இடம், எதிர்தரப்பு இருக்கும் இடம், எது வசதியோ அங்கே. எஃப்.ஐ.ஆர். தெலுங்கில் இருக்கும், மொழிபெயர்ப்பு வாங்கி வையுங்கள்.

கேள்வி: அரசு பஸ்ஸில் கடைசி சீட்டில் வந்தேன். வேகத்தடையில் பறக்கவிட்டார். தூக்கிப் போட்டதில் கழுத்தும் இடுப்பும் போச்சு. பஸ்ஸுக்கு இன்சூரன்ஸ் இல்லையாமே?
— ஓய்வுபெற்ற நெசவாளர், குடியாத்தம்

பதில்: அரசு பஸ்களுக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் இராது, போக்குவரத்துக் கழகமே தன் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். மனுவில் கழகம்தான் எதிர்மனுதாரர். தீர்ப்பு வந்தும் கொடுக்காமல் இழுத்தடித்தால், பஸ் ஸ்டாண்டில் பயணிகளை இறக்கிவிட்டு அமீனா பஸ்ஸை ஜப்தி செய்து கோர்ட்டுக்கு ஓட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வழிதான். ஐயா, உங்களிடம் ஒரே கேள்வி: டிக்கெட் இருக்கிறதா? சட்டைப்பையோடு துவைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மகனுக்கு இதே கழுத்து அடி. அங்கே பவுண்டில் கொட்டுவார்களாமே?
— ஒரு தாயார், ஆற்காடு

பதில்: ஒரு காலத்தில் கொட்டினார்கள். பொய்க் கேஸ் பெருகிவிட்டது என்று சொல்லி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 31 முதல் விலைப்பட்டியலே போட்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் ஆறும் கழுத்துக்கு 240 பவுண்ட், ஒன்றரை முதல் இரண்டு வருஷம் வரை படுத்தினால் 4,215 பவுண்ட். 2025 மே 31 முதல் நடந்த விபத்துகளுக்குச் சுமார் 15 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். மருத்துவ அறிக்கை இல்லாமல் கம்பெனி சமரசம் பேசவே அங்கே தடை. கேஸ் போட மூன்று வருஷம் அவகாசம். இங்கே இல்லாத சௌகரியம் அது ஒன்றுதான். மக்கன் பேடா அனுப்பும்போது சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சீட்டின் மேல் இருக்கும் தலையணை சாய்ந்து தூங்கத்தானே?
— ஒரு கல்லூரி மாணவர், பாகாயம்

பதில்: இல்லை. பின்னால் இடித்தால் தலை பின்தங்காமல் பிடிக்கத்தான் அது. அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வரட்டும், பின்மண்டைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். பின் சீட்டுப் பிள்ளைகளுக்கு ரோடு தெரியட்டும் என்று நான் அதைக் கீழே இறக்கி வைத்திருந்தேன், 2018 வரை.

கேள்வி: 2016-ல் என் அப்பாவை நீங்கள் கூண்டில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்தீர்கள். லாரி இடித்துக் கழுத்து போனவர். மனு தள்ளுபடி. இப்போது நீங்களே நஷ்ட ஈடு வாங்க யோசனை சொல்லி எழுதுகிறீர்கள். அவரை ஞாபகமாவது இருக்கிறதா?
— ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: இருக்கிறது. வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. முதல் டாக்டர் சீட்டு விபத்து நடந்து 19-ஆம் நாள் தேதியில் இருந்தது, அதை வைத்தே நான் பாதி கேஸை முடித்துவிட்டேன். மீதிக்கு, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று, "ஐயா, உங்க துண்டு பின்னால விழுந்துடுச்சு பாருங்க" என்றேன். நிஜமாகவே விழுந்திருந்தது. அவர் திரும்பினார். "சாட்சி சிரமமின்றித் திரும்பிப் பார்த்தார் என்று பதிவு செய்யவும்" என்று கேட்டேன், பதிவானது.

அவர் கழுத்தைத் திருப்பவில்லை. காலை நகர்த்தி, இடுப்போடு, தோளோடு, உடம்பு மொத்தமாகத் திரும்பினார். குனிய முடியாமல் நின்றார். டவாலி வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார். உங்கள் அப்பாவின் வக்கீல் அப்போது பைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

மேல்முறையீட்டுக்கு 90 நாள்தான் கெடு, அது எப்போதோ போய்விட்டது. கேஸில் இனி செய்ய ஒன்றுமில்லை. அவர் எப்படித் திரும்பினார் என்பதை நான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.